துருவும் பற்றும்

என்றேனும் ஒருநாள் அழிந்தே தீரும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருளின்மீது, அதுவும் உயிரற்ற, மனிதர் கையால் ஆக்கப்பட்ட ஒரு பொருளின்மீது, அன்பு வைப்பது ஆத்ம வாழ்வுக்கு உகந்ததா, இடையூறா என்பது மிகப் பழைய கேள்வி. பெரியோர் பலர் இதற்கு ஏறக்குறைய ஒரே குரலில் விடை பகர்ந்திருக்கின்றனர். வள்ளுவர் நிலையாமையைச் சொல்லி முடித்த பிறகே துறவைச் சொன்னார். பொருள்களின் அநித்தியத்தை உணராதவனுக்குத் துறவு கைகூடாது என்பது அந்த அதிகார வைப்பிலேயே விளங்குகிறது. கூடிச் சேர்ந்தவை எல்லாம் சிதையும் தன்மையுடையன என்பதைப் புத்தர் பெருமான் தம் இறுதி வேளையிலும் சீடருக்கு நினைவூட்டினார். இயேசுநாதர் தம் மலைப் பிரசங்கத்தில், அந்துப்பூச்சியும் துருவும் அரித்துவிடக்கூடிய செல்வத்தைப் பூமியில் சேர்த்து வைக்க வேண்டாம் என்று எச்சரித்தார். இத்தனை மகான்களின் வாக்குக்கு முன்னால் நின்றுகொண்டு, பிறந்த நாள் முதல் துருவோடு போராட வேண்டியிருந்த ஒரு பொருளை, அதாவது இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் சாமானியக் குடும்பங்களுக்கென்று செய்யப்பட்ட சிறிய மோட்டார்க் காரை, உதாரணமாக எடுத்துக்கொண்டு இக்கேள்வியை ஆராய விரும்புகிறேன். அத்தகைய கார் ஒன்றை இங்கிலாந்தில் வாழ்ந்த ஆண்டுகளில் நான் வைத்து ஓட்டினேன்; அதன்மீது உண்மையான அன்பும் கொண்டிருந்தேன். அந்த அன்பு பந்தமா, வேறொன்றா என்பதே இங்கே விசாரத்துக்குரியது.

போர் முடிந்து மூன்றாண்டுகள் சென்ற பின், 1948 அக்டோபரில், லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மண்டபத்தில் நடந்த மோட்டார்க் கண்காட்சியில் மாரிஸ் மைனர் என்ற சிறு கார் முதன்முதலாக வெளியுலகுக்குக் காட்டப்பட்டது. ஸ்மிர்னா நகரில் பிறந்து, இளம் வயதில் அகதியாக இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த அலெக் இஸிகோனிஸ் என்பவரே அதன் சிற்பி. பெட்ரோலுக்குப் பங்கீடு இருந்த காலம் அது. அந்தப் பங்கீடு 1950-இல்தான் நீங்கிற்று. செல்வர்க்குரிய வாகனமாக இருந்த மோட்டாரை, ஆசிரியரும் எழுத்தரும் தொழிலாளியும் தம் மனைவி மக்களோடு ஏறிச் செல்லக்கூடியதாக ஆக்கிய பெருமையில் அதற்கு முக்கியமான பங்கு உண்டு. ஆஸ்டின் ஏ 30, ஹில்மன் மிங்க்ஸ், ஸ்டாண்டர்டு எயிட், ஃபோர்டு ஆங்லியா, டிரையம்ஃப் ஹெரால்டு என்று அதன் முன்னும் பின்னும் வந்த சகோதரக் கார்களும் அந்தப் பெருமையில் பங்கு கொண்டவையே. எனினும் 1948 முதல் 1971 வரை இடையறாது உற்பத்தியாகி, பிரிட்டிஷ் கார்களில் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையை முதன்முதலில் எட்டியது மைனரே. கிராமம் கிராமமாகச் சென்று பிரசவம் பார்த்த தாதியும், திருச்சபைப் பாதிரியாரும், ரோந்து சென்ற போலீஸ்காரரும், தபால் இலாகாவினரும் அதை ஓட்டிச் சென்றனர். ஒரு தேசத்தின் அன்றாட வாழ்வு இத்தனை ஆழமாக ஏறி அமர்ந்த வாகனம் வேறொன்றைச் சொல்வது கடினம்.

எனக்கு வாய்த்தது 1963-இல் ஆக்ஸ்போர்டை அடுத்த கௌலி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த, இளம்பச்சை வர்ணமுடைய நான்கு கதவு மைனர். எனக்கு முன் அதை வைத்திருந்தவர் ஊர்த் தாதியாக ஊழியம் செய்து ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டி. சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடத் தொடங்குவதற்கு முன்பே, பெட்ரோல் பம்பு டிக் டிக்கென்று துடிக்கும். கார்புரேட்டரின் கிண்ணம் நிறைந்ததும் அந்தத் துடிப்பு தானே அடங்கும். அதன் பின் சோக்கை வெளியே இழுத்து, ஸ்டார்ட்டர் குமிழையும் கையால் இழுத்தால், குளிர்காலக் காலையிலும் ஒரு குலுக்கலோடு எஞ்சின் உயிர் பெறும். முதல் கியருக்கு ஸிங்க்ரோமெஷ் கிடையாது. ஆகையால் ஓடும்போதே அந்தக் கியருக்கு இறங்க வேண்டுமானால் கிளட்சை இருமுறை மிதித்து, இடையே எஞ்சினின் வேகத்தைக் காலால் கூட்டி, இரு பல்சக்கரங்களும் ஒரே கதிக்கு வந்த கணத்தைக் காதால் கேட்டே நெம்புகோலைத் தள்ள வேண்டும். அந்தக் கணம் சரியாக வாய்க்கும்போது உண்டாகும் நிறைவு, வேகத்தினால் வரும் கிளர்ச்சியைச் சேர்ந்ததன்று. தன் கவனம் முழுவதையும் ஒரு செயலில் ஒப்படைத்தவனுக்குக் கிடைக்கும் அமைதியைச் சேர்ந்தது.

வேல்ஸ் மலைப்பாதைகளில் அது தன் ஆற்றலுக்கு ஏற்ற நிதானத்தில் ஏறும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மைனருக்கே உரிய ஒரு தொடர் முழக்கம் புகைக்குழாயிலிருந்து எழும்; அதைக் கேட்டதும் வயலில் வேலை செய்யும் முதியவர் தலை நிமிர்ந்து கை அசைப்பார். ஸ்டியரிங் சக்கரத்தின் வழியே பாதையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் உள்ளங்கைக்குத் தெரியும். பின் ஆசனத்தில் என் குழந்தைகள் உறங்க, மழைத் துடைப்பான் சீராக அசைய, என் மனைவி வரைபடத்தை மடிமேல் விரித்துத் திருப்பங்களைச் சொல்லிக்கொண்டுவர, இருள் சூழ்ந்த கிராமச் சாலைகளில் வீடு திரும்பிய இரவுகள் பல. பெட்ரோல் நிலையங்களில் முன்பின் அறியாதவர்கள் அருகே வந்து, தம் தாய் இதே காரில்தான் தம்மைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றாள் என்றும், தாம் ஓட்டக் கற்றுக்கொண்டது இதில்தான் என்றும் சொல்வார்கள். சொல்லும்போது அவர்களுடைய கை தம்மை அறியாமலே அதன் மட்கார்டைத் தடவும். விலை உயர்ந்த காரைக் கண்டால் மனிதர் வியக்கின்றனர், சில வேளை பொறாமையும் கொள்கின்றனர். இந்த எளிய காரைக் கண்டாலோ அவர்களுக்குத் தம் பெற்றோர் நினைவுக்கு வருகின்றனர்.

இனி, அந்த அன்புக்குரிய பொருளின் தேக நிலையைப் பார்ப்போம். இங்கிலாந்தில் பனிக்காலத்தில் சாலைமேல் உப்பைத் தூவுவார்கள். அந்த உப்பு நீரோடு கலந்து காரின் அடிப்பாகத்தில் படிந்து இரும்பைத் தின்னும். மைனருக்குத் தனிச் சேஸிஸ் இல்லை. உடலும் சட்டமும் ஒன்றாக இணைந்த அமைப்பு. ஆதலால் கதவுகளுக்குக் கீழேயுள்ள விளிம்புகளிலும், பின்புற வில்கள் பொருந்தும் இடங்களிலும், தரையின் குறுக்குச் சட்டத்திலும் துரு புகுந்தால் காரின் உயிருக்கே ஆபத்து. டிராவலர் என்ற வகையிலோ பின்பாகத்தின் மரச்சட்டம் வெறும் அலங்காரமன்று, பாரம் தாங்கும் அங்கம். அது உளுத்துப் போயிருந்தால், 1960-இல் தொடங்கிய அரசாங்கப் பரிசோதனையில் அந்நாளில் கார் தேறியிராது. ஆகவே இத்தகைய காரை வைத்திருப்பவன் ஆண்டுதோறும் ஏதேனும் ஒன்றை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்துகொண்டே இருக்க வேண்டும். மட்கார்டு மாறும், தரை மாறும், பிரேக் உருளைகள் மாறும், ஒருநாள் எஞ்சினும் மாறும். பழைய காருக்கான உதிரிகள் இங்கிலாந்திலேயே அரிதான காலத்தில், இலங்கையிலிருந்த ஒரு பட்டறையில் தமிழரும் சிங்களரும் நன்கறிந்த அதே மைனருக்கான பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியதும் உண்டு. இவ்வாறு பல ஆண்டுகள் சென்றபின், நாம் காப்பாற்றி வந்தது எதை என்ற கேள்வி தவிர்க்க முடியாததாகிறது.

இக்கேள்வியை முதலில் கேட்டவர்கள் மோட்டாரை அறியாதவர்கள். தீஸியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பல தலைமுறை காத்து, உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி வந்தனர் என்றும், அது அதே கப்பல்தானா என்பது தத்துவ அறிஞர்களுக்குத் தீராத தர்க்கமாயிற்று என்றும் புளூடார்க் எழுதி வைத்தார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேமித்து, பழைய வரிசையிலேயே பூட்டி இன்னொரு கப்பல் செய்தால் இரண்டில் எது தீஸியஸின் கப்பல் என்று ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் தாமஸ் ஹாப்ஸ் 1655-இல் வெளியிட்ட நூலில் கேட்டு, சிக்கலை மேலும் இறுக்கினார். நம் பாரத பூமியின் வடமேற்கில் ஆண்ட மிலிந்த மன்னனிடம் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி, மன்னன் ஏறி வந்த தேரைக் காட்டி, ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா, இவை யாவும் நீங்கலாக வேறேதும் தேரா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் அல்ல என்ற விடையையே அரசனிடமிருந்து பெற்று, தேர் என்பது உறுப்புகளின் கூட்டத்தைப் பற்றி எழுந்த ஒரு வழக்கேயொழிய, அவற்றுக்கு அப்பால் தனியே நிற்கும் ஒரு வஸ்து இல்லை என்று தெளிவித்தார்.

துறவிக்கு அந்த விடை போதும். ஆனால் அரசாங்க அலுவலகத்துக்குப் போதாது. பழுதுபார்த்த பழைய கார் தன் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று ஸ்வான்சீ நகரிலுள்ள பிரிட்டிஷ் வாகனப் பதிவு அலுவலகம் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அது நெடுங்காலம் கையாண்ட விதி, இந்தத் தத்துவ வினாவுக்கு எண் கணக்கில் விடை தந்தது. உடற்சட்டத்துக்கு 5 மதிப்பெண், சஸ்பென்ஷன், ஆக்ஸில்கள், கியர்பாக்ஸ் முதலிய சக்திக் கடத்து பாகங்கள், ஸ்டியரிங் ஆகிய நான்குக்கும் தலா 2, எஞ்சினுக்கு 1. மொத்தம் 14-இல் 8 மதிப்பெண் பெற்றால் அது அதே கார். இதில் ஆழ்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று இருக்கிறது. காரின் இருதயம் என்று நாம் கருதும் எஞ்சினுக்கே மிகக் குறைந்த மதிப்பெண். அதைத் தாங்கி நிற்கும், கண்ணுக்குப் புலப்படாத அடிச்சட்டத்துக்கோ மிக அதிகம். மேலும், அந்தச் சட்டமும் ஆதியில் இருந்ததாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. செய்தவரிடமிருந்தே நேரே வந்த புதுச்சட்டமும் அந்த 5 மதிப்பெண்ணுக்கு உரியதே. ஜடப்பொருளின் அணுக்களில் ஒருமையைத் தேடுவது வீண் என்று விதி வகுத்தவர்களும் உணர்ந்திருந்தனர் என்றே கொள்ள வேண்டும்.

நீதிமன்றமும் இக்கேள்வியைச் சந்தித்தது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லெ மான் பந்தயத்தில் வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பெண்ட்லி, ஒரு கோடி பவுனுக்கு விலை பேசப்பட்டு, ஆதி வண்டியின் பாகங்கள் அதில் மிகச் சொற்பமே எஞ்சியுள்ளன என்ற காரணத்தால் வழக்குக்கு உள்ளாயிற்று. 1990-இல் தீர்ப்பளித்த நீதிபதி ஆட்டன், அந்த வண்டிக்கு அறுபடாத ஒரு சரித்திரம் உண்டென்றும், ஒரே நாளில் அழிந்து மறுநாள் வேறொன்றாக அது எழவில்லையென்றும், படிப்படியான மாற்றங்களினூடே அது தொடர்ந்து அந்த வண்டியாகவே வாழ்ந்ததென்றும் கருதி, அந்தப் பெயருக்கு அது உரியதே என்று கூறினார். பெண்ட்லி செல்வர்களின் வண்டி. என் மைனர் ஒரு தாதியின் வண்டி. ஆயினும் நியாயம் இரண்டுக்கும் ஒன்றே.

இவ்வாறு பார்க்கும்போது, ஆதியில் இருந்த தூய வடிவம் என்று நாம் ஏங்குவதும் ஒரு மயக்கமே என்பது விளங்கும். மைனரின் மாதிரி வண்டி தயாரான பின், அது குறுகலாயிருப்பதாகக் கண்ட இஸிகோனிஸ், அதை நெடுக்காக இரண்டாய் அறுத்து, இரு பாதிகளையும் சிறிது சிறிதாக விலக்கிப் பார்த்து, நான்கு அங்குல இடைவெளியில் அளவு பொருந்தக் கண்டு, அதையே நிச்சயித்தார். பானெட்டின் நடுவே ஓடும் தட்டையான மேட்டுப் பட்டையும், ஆரம்ப காலப் பம்பர்களின் நடுவே வைத்து இணைத்த துண்டும் அந்த அறுவையின் தழும்புகள். முதல் மைனரின் எஞ்சின் 918 சி.சி. உடையது, மாரிஸுக்கே உரியது. 1952-இல் மாரிஸும் அதன் பழைய போட்டியாளரான ஆஸ்டினும் ஒரே நிறுவனமாக இணைந்ததும் ஆஸ்டினின் 803 சி.சி. எஞ்சின் அதன் உடலில் ஏறிற்று. பிறகு 948, அதன் பிறகு 1098. இரண்டாகப் பிரிந்திருந்த முன்கண்ணாடி 1956-இல் ஒரே வளைகண்ணாடியாயிற்று. அதன் மூத்த உறவான மாரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாவது வரிசையோ கடல் கடந்து கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாஸடராக மறுபிறப்பெடுத்து, இங்கிலாந்தில் அது மறைந்து பல பத்தாண்டுகள் சென்ற பின்னும், 2014 வரை நம் தேசத்துச் சாலைகளுக்குப் புதிது புதிதாக வந்துகொண்டிருந்தது. பிறக்கும் முன்பே அறுக்கப்பட்டு, பிறந்த பின் பகைவனின் இருதயத்தை ஏற்று, அயல் மண்ணில் வேறு பெயர் பூண்டு வாழும் ஒரு குலத்தில், மாறாத மூலம் எங்கே இருக்கிறது?

மூலம் இல்லையென்றால் ஒருமையும் இல்லை என்று முடித்துவிடலாமா? நம் ஆகமங்கள் இதற்கு வேறொரு வழி காட்டுகின்றன. ஆலயத்தில் சிதைவு கண்டபோது ஜீர்ணோத்தாரணம் செய்வார்கள். திருப்பணிக்கு முன் மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு மாற்றிப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, பூஜையை ஒருநாளும் விடாமல் அங்கே நடத்தி, கல்லும் சுதையும் புதுப்பித்த பின் குடமுழுக்கினால் மீண்டும் பழைய இடத்தில் நிலைநிறுத்துவார்கள். கல் மாறினும் கோயில் மாறுவதில்லை. ஏனெனில் வழிபாடு அறுபடவில்லை. உயிரற்ற யந்திரத்தை மூர்த்தியோடு ஒப்பிடுவது என் கருத்தன்று; அது தகாது. ஆனால் இந்தச் சடங்கினுள் பொதிந்துள்ள ஞானம் எல்லாப் பொருளுக்கும் பொருந்தும். ஒரு பொருள் காலத்தினூடே அதே பொருளாக நிலைப்பது அதன் துகள்களால் அல்ல; அதைப் பேணுவோரின் சிரத்தை இடையறாமல் கை மாறி வருவதனாலேயே. என் மைனர் தாதியின் மைனராகவே இருந்தது எதனால் என்றால், அவர் குறித்த மைல்களுக்கு ஒருமுறை முன்சக்கர மூட்டுகளுக்குக் கிரீஸ் ஏற்றி வந்ததை நானும் விடாது செய்ததனால் என்றே சொல்வேன். அந்தக் கிரீஸைப் புறக்கணித்தால் மூட்டின் மரை தேய்ந்து, ஓடும்போதே சக்கரம் மடிந்து விழும். அன்றோடு அந்தத் தொடர்ச்சியும் முடியும்.

நாம் காப்பாற்றி வந்தது எதை என்ற கேள்விக்கு இவ்வாறு ஒரு விடை கிடைக்க, அந்த அன்பு பந்தமா என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஒரு பொருளின் நிலைபேறே நம் சிரத்தையில் இருக்குமானால், அந்தச் சிரத்தை நம்மைக் கட்டிப்போடும் தளையன்றோ? இதற்குப் புராணத்தில் பரதனைக் காட்டிலும் பொருத்தமான சாட்சி இல்லை. இந்தத் தேசத்துக்கே தன் பெயரைத் தந்த அந்த அரசன், ராஜ்யத்தைத் துறந்து தவம் இயற்றிக்கொண்டிருக்கையில், சிங்கத்தின் கர்ஜனையைக் கேட்டுத் துள்ளிய சினைமான் ஆற்றில் ஈன்றுவிட்டு இறந்துபோக, அதன் குட்டியை நீரிலிருந்து எடுத்துக் காப்பாற்றினான். தொடக்கம் கருணைதான். நாளடைவில் அது மேய்ந்து திரும்பச் சிறிது தாமதித்தாலும் அவன் உள்ளம் பதைத்தது, நியமங்கள் தளர்ந்தன, மரண காலத்திலும் மானையே நினைத்து, மறுபிறப்பில் மானாகவே பிறந்தான். பெரும் சாம்ராஜ்யத்தை விட்டவனை ஒரு மான்குட்டி கட்டிவிட்டது.

இக்கதையைக் கேட்டவுடன், கருணையே பிழை என்று சிலர் முடிவு கட்டுகின்றனர். ஆற்றில் மிதந்து போகும் உயிரைக் கண்டு வாளா இருப்பதே ஞானம் என்றால், அத்தகைய ஞானம் யாருக்கும் வேண்டாம். பரதன் குட்டியை எடுத்தது தவறன்று. மற்ற யாவற்றையும் மறக்கச் செய்யும் அளவுக்கு ‘என்னுடையது’ என்ற எண்ணம் அந்தக் கருணைக்குள் புகுந்ததே தவறு. அவ்வெண்ணம் புகுந்த அன்பு சுருங்கும். புகாத அன்பு விரியும். பழைய கார்களை வைத்திருப்போரிடையே இந்த இரு நிலைகளையும் நான் கண்கூடாகக் கண்டேன். தம் காரின்மீது ஒரு கீறலும் விழக்கூடாதென்று அதைக் கொட்டகையில் பூட்டி, போர்வை போர்த்தி, மழைக்கும் வெயிலுக்கும் பிறர் கைக்கும் காட்டாமல் வைத்திருப்போர் சிலர். அவர்களுடைய கார் விரைவிலேயே கெடுகிறது. ஓடாத காரில் பிரேக் உருளைகள் இறுகிப்போகின்றன. ரப்பர் வளையங்கள் உலர்ந்து வெடிக்கின்றன. பெட்ரோல் பிசினாகக் கெட்டிப்பட்டுக் கார்புரேட்டரை அடைக்கிறது. டயர்கள் நின்ற இடத்திலேயே தட்டையாகின்றன. மாற்றம் வேண்டாம் என்று அஞ்சிக் காத்தவனுக்கே மாற்றம் மிகக் கொடிய வடிவில் வருகிறது. தேய்மானத்துக்கு உடன்பட்டு நாள்தோறும் ஓட்டுபவனுடைய காரோ, தேய்ந்த பாகத்தை மாற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. பற்றுக்கும் பேணுதலுக்கும் உள்ள பேதத்தை இதைவிடத் தெளிவாக யந்திர சாஸ்திரம் நிரூபிக்க முடியாது.

பேணுகிறவன் தோல்வியை முன்னதாகவே ஒப்புக்கொண்டவன். இரும்பு தன் மூலமான தாதுவின் நிலைக்குத் திரும்பிச் செல்வதே துரு. இயற்கையின் அந்தப் பெருவழியை மறிக்க எவராலும் இயலாது, சிறிது தாமதிக்கச் செய்யவே இயலும். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு உளிகொண்டு துருவைச் சுரண்டி, மெழுகெண்ணெய் பூசும் மனிதன், இந்தப் போரில் இறுதி வெற்றி தனக்கில்லை என்பதை ஐயமின்றி அறிவான். அறிந்தும் அடுத்த குளிர்காலத்துக்காக உழைக்கிறான். பயனைக் கருதாத கர்மம் என்று கீதையில் பகவான் உபதேசித்தது போர்க்களத்து வீரனுக்கு மாத்திரம் உரியதன்று. இந்தத் தாழ்ந்த இடத்தில், முகத்தில் மண் உதிரும் வேளையிலும் அதை அப்பியசிக்கலாம்.

ஒரு யந்திரத்துக்குச் செலவிடும் பொருளும் பொழுதும் பசித்த மனிதனுக்கு உரியவை அல்லவா என்று கேட்போர் உண்டு. இது அலட்சியம் செய்யத்தக்க ஆட்சேபம் அன்று. மனிதனை மறந்து காரைப் பேணுவது பரதனின் மான் கதையே. அதனால்தான் அன்பு விரிகிறதா, சுருங்குகிறதா என்ற சோதனையை நாம் இடைவிடாது நடத்திக்கொள்ள வேண்டும். நான் பழகிய மைனர்க்காரர்களில் பெரும்பாலோர், சாலையோரத்தில் பானெட்டைத் திறந்துவைத்துத் தவிக்கும் எவரைக் கண்டாலும் நிறுத்தாமல் போகாதவர்கள்; தம் கொட்டகையிலிருந்த அரிய உதிரியை, இனிக் கிடைக்காது என்று தெரிந்தே, முன்பின் அறியாதவருக்குக் கழற்றிக் கொடுத்தவர்கள். ஒரு சிறு பொருளைக் கவனத்தோடு பேணப் பழகிய கை, பிற உயிர்களிடத்தும் அதே கவனத்தோடு நீளும் என்பது என் அனுபவம். எதையுமே பேணாமல், பழுதானதை எறிந்து புதியதை வாங்கப் பழகிய சமுதாயம், முதுமையுற்ற மனிதரையும் அவ்வாறே நடத்தத் தொடங்கிவிடும் என்ற அச்சமும் எனக்கு உண்டு.

பரதனின் கதை மானோடு முடியவில்லை. அவன் பின்னொரு பிறவியில் பற்றற்ற ஞானியாய், உலகத்தார் கண்ணுக்கு ஜடனாய்த் திரிந்தபோது, சௌவீர நாட்டு அரசனின் ஏவலர் அவனைப் பிடித்துப் பல்லக்குச் சுமக்க வைத்தனர். பல்லக்கு குலுங்கியது கண்டு அரசன் வினவ, எழுந்த சம்வாதத்தில் பரதன் கேட்ட கேள்விகளை விஷ்ணு புராணம் விவரிக்கிறது. நீ ஏறியிருப்பது மரமா, கட்டையா, பல்லக்கா? கட்டைகளைத் தனித்தனியே பிரித்தால் பல்லக்கு என்பது எங்கே? மிலிந்தனுக்கு நாகசேனர் சொன்ன அதே தர்க்கத்தை இங்கே வாகனத்தைச் சுமப்பவனே சொல்கிறான். ஆனால் என் விசாரத்துக்கு முடிவான ஒளியைத் தருவது பாகவதம் கூறும் ஒரு செய்தி: பல்லக்கு குலுங்கியதற்குக் காரணம், பரதன் தன் அடியின் கீழ் எறும்பு முதலிய சிற்றுயிர்கள் நசுங்காதபடி தரையை நோக்கிப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்ததே. பல்லக்கு என்று ஒரு வஸ்து இல்லையென்று தெளிந்தவன், உடலும் தானன்று என்று உணர்ந்தவன், அப்போதும் எறும்புக்காகத் தன் நடையைத் திருத்திக்கொண்டான். மானிடமிருந்து விடுதலை பெற்ற பின் அவன் கருணை வற்றிவிடவில்லை. தன்னுடையதல்லாத அனைத்தின்மீதும் பரவிற்று. பற்றறுத்தல் என்பது பேணுதலை விடுவதன்று என்பதற்கு இதைவிட உயர்ந்த பிரமாணம் எனக்குத் தெரியாது.

பிரிட்டனில் வாகனப் பதிவுப் பத்திரத்தில், இது சொத்துரிமைக்கு ஆதாரமன்று என்று அச்சிட்டிருக்கும். வாகனத்தைப் பதிவுசெய்வதற்கும் அதற்குரிய வரி செலுத்துவதற்கும் பொறுப்பானவரின் பெயரையே அது காட்டும். என் மைனரோடு வந்த பழைய பதிவுப் புத்தகத்திலோ, அதை அடுத்தடுத்து வைத்திருந்தவர்களின் பெயர்கள் வெவ்வேறு மையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. தாயகம் திரும்பும் காலம் வந்தபோது, தொழில் கற்கும் ஓர் இளைஞரிடம் அதை ஒப்படைத்தேன். எந்தத் தகடு எந்த ஆண்டு மாற்றப்பட்டது, எந்த மூட்டு அடிக்கடி கிரீஸ் கேட்கும், சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிக் கொடுத்தபோது என் உள்ளத்தில் துக்கம் இருந்தது. எனினும் இழப்பு என்ற உணர்வு இல்லை. எனக்கு முன் தாதி செய்ததை நான் செய்தேன். எனக்குப் பின் அந்த இளைஞர் செய்யத் தொடங்கினார். என்னுடையது என்று சொல்லத்தக்கது அதில் ஏதும் இருந்திருந்தால், அது நான் அதற்குச் செய்த வேலை ஒன்றே.

ஆகவே, அழியும் பொருளின்மீது அன்பு வைக்கலாமா என்ற வினாவுக்கு என் விடை இது: அழியாத பொருளுக்கு நம் பராமரிப்பு தேவையில்லை, தேவையுள்ளது அழியும் பொருளுக்கே. துரு அரிக்கும் செல்வத்தைச் சேர்த்து வைக்காதே என்ற திருவாக்கு, துரு அரிப்பதைத் துடைக்காதே என்று பணிக்கவில்லை. சேர்த்து வைப்பவன் வேறு, துடைப்பவன் வேறு. உடல், இல்லம், கருவி, குடும்பம், ஊர் ஆகிய யாவும் நமக்கு முன்னோர் பேணியதனால் நம்மை வந்தடைந்தவை; நாம் பேணினால்தான் நமக்குப் பின்னோரைச் சென்றடைபவை. இடையில் அவற்றை உடைமை என்று எண்ணுகிறவன் அவற்றோடு சேர்ந்து துருப்பிடிக்கிறான். பொறுப்பு என்று எண்ணுகிறவன் அவற்றைக் கொண்டே தன்னைத் தூய்மை செய்துகொள்கிறான். எளிய குடும்பங்களுக்கென்று செய்த ஒரு சிறு காரைச் சரியாகப் பேணி, சரியான காலத்தில் சரியான கையில் ஒப்படைக்கக் கற்றவன், துறவின் முதற்பாடத்தைக் கற்றவனே என்பது என் துணிபு.